சிறகு வடிவில் ஒரு செபம், தேர் வடிவில் ஒரு துதி

கவிதை காதுக்கு உரியதா, கண்ணுக்கு உரியதா? பட்டிமன்றத் தலைப்பு போலத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் விடை, காதுக்கே என்பதுதான். ஓசை இல்லாமல் பாட்டு இல்லை என்று சிறுவயது முதலே நாம் கேட்டு வந்திருக்கிறோம். அப்படியானால், பார்த்தால்தான் பொருள் முழுமையாகும் என்ற நிலையில் எழுதப்பட்ட கவிதைகளை என்ன செய்வது? அதிலும் அவை இறைவனை நோக்கிய வேண்டுதலாக இருந்தால்? வேண்டுதலுக்கு எதற்கு வடிவம் என்று கேட்டு ஒதுக்கிவிடலாமா?

இந்தக் கேள்வி சிங்கப்பூர்த் தமிழருக்கு அந்நியமானதன்று. 1887ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து வண்ணை நகரைச் சேர்ந்த சி.ந. சதாசிவ பண்டிதரின் நூல் ஒன்று இங்கே அச்சேறியது. வண்ணையந்தாதி, வண்ணைநகர் ஊஞ்சல், சிங்கைநகர் அந்தாதி, சித்திரகவிகள் என்று நான்கு பகுதிகள். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாறு பேசுவோர் தொடக்கத்தில் குறிப்பிடும் நூல்களுள் இது ஒன்று. சிங்கையில் கோயில் கொண்ட முருகனைப் பாடும் அந்தாதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான்காவதாக நிற்கும் சித்திரகவிகள் பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடுகின்றன. படம் போல் எழுதிய பாட்டுதானே, புலவரின் விளையாட்டு என்று கடந்துவிடுகிறோம்.

ஏறக்குறைய இதே குற்றச்சாட்டு, இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்தவக் கவிதை மீது சுமத்தப்பட்டது. அந்தக் கவிதையை விளங்கிக்கொண்டால் நம் வீட்டுச் செல்வமும் விளங்கும். நம் வீட்டுச் செல்வத்தை அறிந்தவருக்கு அந்தக் கவிதையும் எளிதில் திறக்கும்.

புத்தகத்தைத் திருப்பிப் பிடித்த வாசகர்கள்

1633ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ‘ஆலயம்’ என்ற பெயரில் ஒரு சிறிய கவிதை நூல் வெளியானது. எழுதியவர் ஜார்ஜ் ஹெர்பர்ட். அந்த நூலைப் புரட்டிக்கொண்டே வந்த வாசகர் ஓரிடத்தில் நின்றிருப்பார். எதிரெதிரான இரு பக்கங்களில் அச்சு வரிகள் படுக்கையாக இல்லாமல் செங்குத்தாக நின்றன. படிக்க வேண்டுமானால் புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன்பே கண்ணுக்கு ஒன்று தெரிந்துவிடும்: விரித்த சிறகுகள். கவிதையின் தலைப்பும் அதுவே, ‘ஈஸ்டர் சிறகுகள்’. சிலுவையில் மரித்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் திருநாளுக்கான செபம் அது.

யார் இந்த ஹெர்பர்ட்? 1593ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு மாண்ட்கோமரியில் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1620இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளராகத் தேர்வு பெற்றார். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேசுவதும் எழுதுவதும் அந்தப் பதவிக்கு உரிய வேலை. நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். அரசவைப் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் தேர்ந்தது வேறு. 1630இல் சாலிஸ்பரிக்கு அருகே பெமர்ட்டன் என்னும் சிற்றூரின் தேவாலயப் பொறுப்பை ஏற்றார். வாழ்நாள் முழுவதும் உடல்நலம் அவருக்குத் துணை நின்றதில்லை. மூன்றே ஆண்டுகள் ஊழியம் செய்து, 1633 மார்ச்சு மாதம் காசநோயால் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

மரணப் படுக்கையில் தம் கையெழுத்துப் படியை நண்பர் நிக்கலஸ் ஃபெரரிடம் சேர்க்கச் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஐசக் வால்ட்டன் கூறுகிறார். மனம் உடைந்த ஓர் ஏழை ஆத்துமாவுக்காவது உதவும் என்று தோன்றினால் அச்சிடட்டும், இல்லையேல் எரித்துவிடட்டும் என்பது அவர் சொல்லி அனுப்பிய செய்தி. ஃபெரர் எரிக்கவில்லை. அதே ஆண்டில் நூல் வெளிவந்தது.

இந்தப் பின்னணி தெரியாமல் அந்தக் கவிதையைப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் தோன்றும். தெரிந்த பிறகு பாருங்கள்.

நெடிலடியிலிருந்து தனிச்சீர் வரை

கவிதை இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் பத்து அடிகள். தமிழ் யாப்பைச் சிறிதளவு படித்தவர்களுக்கு இதன் அமைப்பைச் சொல்வது எளிது. முதல் அடியில் ஐந்து சீர், அதாவது நெடிலடி. அடுத்தது நான்கு சீர் கொண்ட அளவடி. பிறகு மூன்று சீர், சிந்தடி. பிறகு இரண்டு சீர், குறளடி. ஐந்தாவது அடியில் ஒரே ஒரு சீர். ஆறாவது அடியிலும் ஒரே சீர்தான். அங்கிருந்து மறுபடியும் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வளர்கிறது. நேராக எழுதிப் பார்த்தால் இடை சுருங்கிய உடுக்கை போல இருக்கும். படுக்க வைத்தால் அதுவே பறவை விரித்த ஒரு சோடிச் சிறகு.

இதுவரை சொன்னது வடிவம். பொருள் என்ன?

முதல் பகுதி மனித குலத்தின் கதை. இறைவன் முதல் மனிதனை நிறைந்த செல்வத்தோடு படைத்தான். மனிதனோ தன் அறியாமையால் அதை இழந்தான். இழந்து, தேய்ந்து, கடைசியில் பரம ஏழையாகி நின்றான். நிறைவைச் சொல்லும் அடி நெடிலடி. இழப்பைச் சொல்லும்போது அடி குறைகிறது. தேய்வைச் சொல்லும்போது அடியும் தேய்கிறது. வறுமையின் எல்லையைச் சொல்லும் அடியில் இரண்டே சொற்கள் மிஞ்சுகின்றன. மனிதனிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லும் இடத்தில் அடியிடமும் ஒன்றும் இல்லை.

அடுத்த அடியும் இரண்டே சொல்தான். அந்த இரண்டு சொல்லில் இறைவனின் துணை வந்துவிடுகிறது. உன்னோடு சேர்ந்தால் எழுவேன் என்ற வேண்டுதல் அங்கே தொடங்குகிறது. அதிலிருந்து அடிகள் நீளத் தொடங்குகின்றன. வானம்பாடி பாடிக்கொண்டே மேலே ஏறுவது போல, உயிர்ப்பின் வெற்றியைப் பாடியபடி மனிதன் எழுகிறான். விழுந்ததே அவன் இன்னும் உயரப் பறக்கக் காரணமாகும் என்று அந்தப் பகுதி முடிகிறது.

இரண்டாம் பகுதியில் கதை தனி மனிதனுக்கு வருகிறது. இளமையிலேயே துயரம், நோய், அவமானம். இவற்றால் உடல் நலிந்து, மெலிவின் எல்லைக்கு வந்துவிட்டான். முன்பு வறுமை நின்ற அதே இடத்தில் இப்போது மெலிவு நிற்கிறது. அதே இரண்டு சொல் அளவில். அதை அடுத்து இறைவனின் துணையைக் கேட்கும் அதே இரண்டு சொற்கள், முதல் பகுதியில் இருந்த அதே இடத்தில் திரும்ப வருகின்றன. ஆதாமின் வீழ்ச்சியும் நோயாளி ஒருவனின் மெலிவும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று கவிஞர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொற்களை வைத்த இடம் சொல்லிவிடுகிறது.

முடிவில் ஒரு தொழில் நுணுக்கம் வருகிறது. அக்காலத்து இங்கிலாந்தில் வேட்டைக்கு வல்லூறு வளர்ப்பார்கள். பறவையின் சிறகில் இறகு ஒடிந்துவிட்டால், வேறொரு நல்ல இறகை அந்தத் தண்டில் ஒட்டவைத்து மறுபடி பறக்கச் செய்வார்கள். அதற்கென்று ஆங்கிலத்தில் தனிச் சொல்லே உண்டு. ஹெர்பர்ட் அந்தச் சொல்லை எடுத்து, ஒடிந்த தன் சிறகை இறைவனின் சிறகோடு ஒட்டவைக்க வேண்டுகிறார். அப்படி ஒட்டினால், பட்ட துன்பமே பறப்பதற்கு உந்துவிசையாகிவிடும்.

சிறகுக்கும் இறைவனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதன்று. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘செட்டை’ என்ற சொல்லைப் பலரும் கேட்டிருப்பார்கள். இறைவனின் செட்டைகளின் கீழ் அடைக்கலம் புகுவதைச் சொல்லும் 91ஆம் சங்கீதம் ஆபத்துக் காலத்தில் வீடுகளில் சொல்லப்படுவது. நீதியின் சூரியன் உதிக்கும்போது அதன் சிறகுகளில் குணமாக்கும் ஆற்றல் இருக்கும் என்ற மல்கியா தீர்க்கதரிசியின் கருத்தையும் இந்தக் கவிதையோடு சேர்த்து வாசிப்பது வழக்கம். அடைக்கலம், குணம், பறத்தல் மூன்றும் ஒரே சிறகில் சேர்கின்றன.

கேலி செய்தவர்கள்

இத்தகைய கவிதைக்கும் கேலி வந்தது. 1682இல் வெளியான தம் அங்கதக் கவிதை ஒன்றில் டிரைடன், சிறகும் பலிபீடமும் வரைந்து காலம் கழிக்கும் புலவர்களைப் பரிகசித்தார். ‘ஆலயம்’ நூலிலேயே பலிபீட வடிவில் ஒரு கவிதை உண்டு என்பதால் அடி எங்கே விழுந்தது என்பது தெளிவு. 1711இல் அடிசன் தம் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில், இத்தகையவற்றைப் போலி மதிநுட்பம் என்ற தலைப்பின் கீழ் அடக்கி, ஹெர்பர்ட்டின் பெயரையும் குறிப்பிட்டார்.

இந்த வழக்கம் ஹெர்பர்ட் கண்டுபிடித்ததன்று. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோட்ஸ் தீவைச் சேர்ந்த சிம்மியாஸ் கிரேக்க மொழியில் சிறகு, கோடரி, முட்டை வடிவங்களில் பாடியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் ரபானுஸ் மவுருஸ் என்ற துறவி சிலுவையைப் போற்றி, எழுத்துகளுக்குள் உருவம் தெரியும்படி இலத்தீனில் ஒரு நூலே செய்தார். நெடிய மரபு. ஆனாலும் ஏளனம் தீரவில்லை.

நம் பக்கமும் இதே கதைதான். வடமொழியில் ‘த்வன்யாலோகம்’ எழுதிய ஒன்பதாம் நூற்றாண்டு ஆனந்தவர்த்தனர், சித்திரத்தை உண்மைக் கவிதையின் வரிசையில் சேர்க்கவே தயங்கினார். தமிழிலோ ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நாற்கவியில் ஒன்றாக அதற்கு இடம் கொடுத்தார்கள். தண்டியலங்காரம் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம் முதலாகப் பன்னிரண்டு வகைகளை எடுத்துச் சொல்கிறது. இடம் கொடுத்த பிறகும், இன்றைய வாசகர்கள் பலர் அதை மூளைப் பயிற்சி என்றே நினைக்கிறார்கள்.

தேரின் உச்சியும் சிறகின் இடையும்

இங்கேதான் திருவெழுகூற்றிருக்கை நமக்குக் கைகொடுக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீர்காழி இறைவன் மீது பாடினார். திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதன் மீது பாடினார். பின்னாளில் அருணகிரிநாதர் சுவாமிமலை முருகன் மீது பாடினார். மூன்றிலும் எண்களே படிக்கட்டு. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கூடுதலாக ஏறி இறங்கி, கடைசியில் ஏழு வரை சென்று ஒன்றுக்கே திரும்பும். எண்ணுப் பெயர்கள் சில இடத்தில் நேராகவும் சில இடத்தில் சிலேடையாகவும் வரும். ஆறு என்பது எண்ணாகவும் நதியாகவும் நிற்கலாம், அஞ்சு என்பது ஐந்தாகவும் பயமாகவும் நிற்கலாம். இந்தச் சுற்றுகளை அடுக்கி எழுதினால் மேலே கூம்பி, கீழே அகன்ற தேர்த்தட்டு கண்முன் நிற்கும். அதனால் இரதபந்தம் என்றும் சொல்வார்கள். கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் ஆழ்வாரின் பாடலைத் தேர் வடிவிலேயே சலவைக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். அங்கே கருவறையே குதிரையும் யானையும் இழுக்கும் தேராக அமைந்திருப்பது கூடுதல் பொருத்தம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுகூற்றிருக்கை ஒன்றில் தொடங்கி, ஏழில் உச்சி தொட்டு, ஒன்றில் முடிகிறது. உலகம் பலவாக விரிந்தாலும் தொடக்கமும் முடிவும் ஒருவனே என்பதை எண்ணிக்கையே உணர்த்துகிறது. ஹெர்பர்ட்டின் சிறகு ஐந்தில் தொடங்கி, ஒன்றில் பள்ளம் தொட்டு, ஐந்துக்கு ஏறுகிறது. முன்னது மலை, பின்னது பள்ளத்தாக்கு. ஒன்றில் எண் ஏறும்போது உலகம் விரிகிறது. மற்றொன்றில் அடி குறையும்போது மனிதன் சுருங்குகிறான். திசை வேறு. வழி ஒன்றே: சொல்ல வந்ததை உருவமும் சேர்ந்து செய்கிறது. இதை அறிந்த தமிழ் வாசகர், டிரைடனும் அடிசனும் தவறவிட்டதைப் பிடித்துவிடுவார்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலக் கவிதையில் உருவம் என்பது அடியின் நீளத்தால் வரும் புறக்கோடு. தமிழில் ‘பந்தம்’ என்ற சொல்லுக்கே கட்டு என்று பொருள். நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொள்ளும். உடல்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள ஒரே எழுத்து இரண்டு பாடலுக்கும் உரியது. ஓர் எழுத்தை மாற்றினால் இரண்டு பாடலும் குலைந்துவிடும். எழுத்துகளுக்குள்ளேயே உறவு உண்டாக்கும் கலை அது. 1929 வரை வாழ்ந்த பாம்பன் சுவாமிகள் வேல், மயில், தேர் முதலிய வடிவங்களில் பந்தங்கள் பாடினார். வேல் வடிவில் அமைந்த அவருடைய சஸ்திரபந்தத்தை அடியவர்கள் பாராயணமாகவே கொண்டிருக்கிறார்கள். விளையாட்டை யாரும் பாராயணம் செய்வதில்லை.

1887இன் சிங்கை

மீண்டும் சிங்கைக்கு வருவோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பியது 1859இல். பண்டிதரின் நூலை அச்சிட்டது தீனோதய வேந்திர சாலை. அதே 1887இல் ‘சிங்கைநேசன்’ இதழைத் தொடங்கிய சி.கு. மகுதூம் சாயபுவின் அச்சகம் அது. சைவப் புலவரின் முருகன் துதி, முஸ்லிம் தமிழர் ஒருவரின் அச்சகத்தில் உருப்பெற்றது. அடுத்த ஆண்டு, 1888இல், இன்றைய லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஓஃபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்கான லூர்து அன்னை தேவாலயம் திறக்கப்பட்டது. பிரான்சின் லூர்து நகர ஆலயத்தை நினைவூட்டும் வடிவில் அதைக் கட்டினார்கள். எங்கோ உள்ள புனிதத் தலத்தை, அதன் உருவத்தின் வழியாகத் தாங்கள் வாழும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

கடல் கடந்து வந்தவர்களுக்கு உருவம் எவ்வளவு தேவை என்பதை இதிலிருந்து உணரலாம். தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து வெள்ளி இரதம் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் செல்கிறது. சாலையோரம் நிற்பவருக்குப் பாசுரம் தெரியாமல் இருக்கலாம். தேர் தெரியும். அதைப் பார்த்ததும் கை தானாகக் குவியும். ஊர் விட்டு வந்த ஒரு சமூகத்தின் தொடக்ககால நூலில் ஒரு புலவர் அந்தாதியோடு நிறுத்தாமல் சித்திரகவிகளையும் சேர்த்தார். அவற்றை அச்சுக்கூடத்தின் வேடிக்கை என்று தள்ளுவது நியாயமாகாது.

எப்படிப் படிப்பது?

இத்தகைய கவிதை கையில் கிடைத்தால் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலில், படிக்காமல் பார்க்க வேண்டும். என்ன உருவம் என்று கண் சொல்லட்டும். இரண்டாவது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு எங்கே நீள்கிறது, எங்கே குறைகிறது என்று காது சொல்லும். ஹெர்பர்ட்டின் கவிதையை உரக்கப் படித்தால் நடுவில் மூச்சு முட்டி, பிறகு மெல்ல விரிவது தெரியும். மூன்றாவது, உருவத்தின் மிகக் குறுகிய இடத்தையும் மிக அகன்ற இடத்தையும் தேடி, அங்கே கவிஞர் எந்தச் சொல்லை வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பொருள் அங்கே காத்திருக்கும்.

ஆனால் பார்ப்பதற்கு உருவம் மிஞ்ச வேண்டுமே. ஹெர்பர்ட்டின் கையெழுத்துப் படிகளில் வரிகள் வழக்கம்போல் நேராகவே இருந்தன. பக்கத்தில் நிமிர்த்திச் சிறகாக்கியது 1633ஆம் ஆண்டு அச்சு. பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் மறுபடி நேராக்கிவிட்டார்கள். திருவெழுகூற்றிருக்கையும் பல நூல்களில் சாதாரண வரிகளாகவே வருகிறது, தேர் அதில் இல்லை. கைத்தொலைபேசித் திரையிலோ அடிகள் இடம் போதாமல் மடிந்து சிறகே ஒடிந்துபோகிறது. சொற்கள் எல்லாம் இருக்கும். வேண்டுதலில் பாதி போய்விடும்.

கவிதை காதுக்கா, கண்ணுக்கா என்ற வழக்கில் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வது? இந்த இரண்டு மரபும் ஒரே சாட்சிதான் சொல்கின்றன. தளர்ந்தவன் செபத்தில் சொல் குறைந்துபோகும். நிறைந்தவன் துதியில் சொல் அடுக்கடுக்காக எழும். அதைக் காதுக்கும் கண்ணுக்கும் ஒருசேரக் கொடுத்தவர்கள் இவர்கள். பள்ளியில் ஹெர்பர்ட்டைப் படிக்கும் தமிழ் மாணவரிடம் வீட்டில் யாராவது ஓர் இரதபந்தத்தை வரைந்து காட்டலாம். தாளும் பென்சிலும் போதும், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.